ஒழுகாத ஓயில்

பச்சைக் கட்டம் போட்ட பழைய சாரம் ஒன்றிலிருந்து கிழித்த துண்டு அது. எங்கள் அலுவலகப் பிக்கப்பின் சாரதிப் பக்கக் கதவுப் பையில் எப்போதும் நாலாக மடித்தபடி இருக்கும். ஒவ்வொரு நாள் காலையிலும், எஞ்சினை இயக்குவதற்கு முன், சாரதி நானா அந்தத் துண்டை எடுத்து உதறி இடது தோளில் போட்டுக்கொள்வார். பொனட்டைத் திறப்பார். எஞ்சின் ஓயில் அளவு பார்க்கும் கோலை இழுத்து, துண்டால் துடைத்து, மறுபடி செருகி, மறுபடி இழுத்து, கண்ணுக்கு நேராகப் பிடிப்பார். கோலின் நுனியில் இரண்டு கோடுகள். ஓயில் அந்த இரண்டுக்கும் நடுவில் நின்றால் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. கீழ்க்கோட்டை நெருங்கியிருந்தால் என்னைக் கூப்பிடுவார். “மிஸ், ஒருக்கா வந்து பாருங்க.” பெரும்பாலும் நான் போகமாட்டேன். யன்னலுக்குப் பின்னால் இருந்தபடியே தலையை ஆட்டிவிடுவேன்.

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் இருந்தது எங்கள் அலுவலகம். முற்றம் துறைமுகப் பக்கமாகச் சரிந்து போகும். சரிவில் வாகனத்தை நிறுத்தி ஓயில் பார்த்தால் கோல் பொய் சொல்லும் என்று, அவர் கேற்றடியில் இருந்த சின்னச் சீமெந்துத் தளத்தில்தான் பிக்கப்பை விடுவார். அந்தத் தளத்தில் வேறு யாராவது மோட்டார்சைக்கிளை வைத்துவிட்டால் பொறுமையாகக் காத்து நிற்பார். ஒரு கோலுக்காக இவ்வளவு ஏற்பாடா என்று எனக்குச் சிரிப்பு வரும்.

அவர் மூதூர்க்காரர். அப்போது ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். முன்பு லொறி ஓட்டியவர். முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் தமிழர்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். குடாவுக்குத் தெற்கே இருந்த கிராமங்களுக்குத் தண்ணீர்த் தாங்கிகளும் மலசலகூடங்களும் கட்டிக்கொடுக்கிற நிறுவனம் அது. நான் களத்துக்குப் போகும் உத்தியோகத்தர். வாகனப் பொறுப்பை வேறு யாரும் ஏற்க விரும்பாததால் அதுவும் என் தலையில் விழுந்தது. பிக்கப்போ ஏற்கெனவே இரண்டு நிறுவனங்களில் உழைத்துக் களைத்து எங்களிடம் வந்தது. மூன்று லட்சம் கிலோமீற்றருக்கு மேல் ஓடியிருந்தது. புது வாகனம் ஒன்றுக்கு இடையில் ஓயில் ஊற்றத் தேவையில்லை; இதற்குத் தேவைப்பட்டது. நானா அதை ஒரு குறையாகச் சொல்லவே மாட்டார். “வயசான எஞ்சின் கொஞ்சம் குடிக்கும் மிஸ். அது வருத்தமில்ல. குடிக்கிறத்தப் பாத்துப் பாத்து ஊத்தினாச் சரி. திடீரெண்டு கூடக் குடிச்சாத்தான் பயப்பிடணும்.”

கொழும்பிலிருந்து புதிய முகாமையாளர் ஒருவர் வந்த பிறகுதான் எல்லாம் தொடங்கியது. தொடங்கியது என்று எழுதுகிறேன். அவர் மேல் பழியைப் போடுவதற்கு அல்ல. அவர் கேட்டது ஒரு கேள்விதான். மாதக் கூட்டத்தில், களஞ்சியத்திலிருந்து இந்த ஒரு வாகனத்துக்கு மட்டும் ஏன் அடிக்கடி ஓயில் போகிறது என்று கேட்டார். “என்ன, ஆவியாப் போகுதோ?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சிரிப்புக்குள்ளே எனக்குச் சுட்டது. பொறுப்பு என்னுடையது, விடை என்னிடம் இல்லை. “நான் பாக்கிறன் சேர்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பார்த்தேன். குளிர்சாதனப் பெட்டி வந்த பெரிய காட்போட் மட்டை ஒன்று களஞ்சியத்தில் கிடந்தது. அதை ஒரு மாலை பிக்கப்புக்குக் கீழே விரித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் எடுத்துப் பார்த்தால் ஒரு துளி கறைகூட இல்லை. மூன்று நாட்கள் செய்தேன். மூன்று நாளும் மட்டை சுத்தமாகவே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குள் ஒரு கணக்குச் சரிவந்தது. ஓயில் ஒழுகவில்லை. ஒழுகாத ஓயில் குறைகிறது. அப்படியானால் யாரோ எடுக்கிறார்கள். இந்த மூன்று வசனங்களில் முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது எங்கிருந்து வந்தது என்றுதான் இன்றுவரை யோசிக்கிறேன்.

நான் கேட்டபோது நானா விளக்கம் சொன்னார். எஞ்சினுக்குள் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையங்கள் தேய்ந்துவிட்டன, அந்த இடுக்கால் ஓயில் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி டீசலோடு சேர்ந்து எரிகிறது என்றார். “ஒழுகல்ல மிஸ். எரியுது. காலையில முதல் ஸ்டார்ட் அடிக்கக்குள்ள பின்னால நீலப் புகை வரும். வந்து பாருங்க.” நான் ஒருநாள் போய்ப் பார்க்கத்தான் செய்தேன். எட்டரை மணிக்குப் போனேன். அதற்கு முன்பே அவர் மூதூரிலிருந்து வந்த ஆட்களை பஸ் நிலையத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்; எஞ்சின் சூடாக இருந்தது. சூடான எஞ்சினில் அந்தப் புகை தெரியாது என்பது எனக்குத் தெரியாது. புகையைக் காணவில்லை, ஆகவே சொன்னது பொய் என்று முடிவெடுத்தேன். நாளைக்கு ஏழு மணிக்கு வாங்க என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. போகவில்லை.

அந்த வாரமே உத்தரவு போட்டேன். சேர்விஸுக்கு சேர்விஸ் ஓயில் மாற்றினால் போதும், இடையில் களஞ்சியத்திலிருந்து ஒரு லீற்றரும் கொடுக்கக்கூடாது.

“அப்ப எஞ்சின் போயிரும் மிஸ்” என்றார்.

“மற்ற வாகனங்கள் ஓடேல்லையா நானா? அதெல்லாம் ஒண்டும் நடக்காது.”

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். கையில் ஒன்றும் இருக்கவில்லை. பிறகு சரி மிஸ் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மாதங்கள் போயின. பிக்கப் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. கிண்ணியா, மூதூர், கிளிவெட்டி என்று வெயிலிலும் சேற்றிலும் தாங்கிகளை ஏற்றிக்கொண்டு போனது. நானா ஓயில் கேட்கவே இல்லை. அதையே நான் ஆதாரமாக எடுத்துக்கொண்டேன். இப்போது கொடுக்காமலே ஓடுகிறது என்றால், முன்பு கொடுத்ததெல்லாம் எங்கே போனது? கூட்டத்தில் இதைச் சொன்னேன். முகாமையாளர் என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டு எவ்வளவு இனித்தது என்பது இப்போதும் நினைவிருக்கிறது. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல ஏலாது.

பிறகு ஒரு மழை நாள். குடை தேடி, சாரதி ஆசனத்துக்குப் பின்னால் கையை விட்டேன். ஒரு ஓயில் கலன் தட்டுப்பட்டது. பாதி இருந்தது. பச்சைத் துண்டால் சுற்றி வைத்திருந்தார், ஆடாமல் இருப்பதற்கு. நான் அதைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். களஞ்சியக்காரர், காவலாளி, தட்டச்சு செய்யும் இரண்டு பெண்கள் எல்லோரும் மழைக்கு ஒதுங்கிக் கூரையின் கீழ் நின்றார்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அந்த எண்ணமே எனக்கு வரவில்லை.

“நானா, இது ஆருடையது?”

“என்ட மிஸ்.”

“உங்களிட்ட வாகனம் இருக்கா?”

“இல்ல.”

“அப்ப ஓயில் எதுக்கு?”

அவர் கூரையின் கீழ் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு பிக்கப்பின் பொனட்டில் உள்ளங்கையை வைத்தார். “இதுக்குத்தான் மிஸ்.”

யாரோ சிரித்தார்கள். சம்பளத்துக்கு ஓடுகிறவன் அலுவலக வாகனத்துக்குத் தன் கையிலிருந்து ஓயில் வாங்குவானா? நானும் அப்படித்தான் நினைத்தேன். “இந்த வயசில களவெடுத்துப்போட்டு அதுக்கொரு கதையும் சொல்லுறீங்களே” என்றேன். சத்தம் போடவில்லை. சாதாரணக் குரலில் சொன்னேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது, எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது.

 அன்று பின்னேரம் அவர் வாகனத்தைச் சீமெந்துத் தளத்தில் நிறுத்திவிட்டு, திறப்பை என் மேசையில் வைத்துவிட்டு, மூதூர் பஸ்ஸுக்கு நடந்து போனார். மறுநாள் வரவில்லை. யாரும் அவரை விலக்கவில்லை என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதிய சாரதி நல்ல பிள்ளை. தினமும் பிக்கப்பைக் கழுவித் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தார். பொனட்டை மட்டும் திறக்கமாட்டார். இடையில் ஓயில் பார்க்கத் தேவையில்லை என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேன். நாலாம் மாதம், சேர்விஸும் பிந்திப்போயிருந்த நேரம், கிளிவெட்டியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். வளைவுகளில் டாஷ்போட்டில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கி மினுங்கி அணைந்தது. நேர் றோட்டுக்கு வந்ததும் காணாமல் போனது. வயர் ஏதோ தளர்ந்திருக்கும் என்றார் சாரதி. இன்னும் கொஞ்சத் தூரத்தில் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. பிறகு எல்லாம் ஒரேயடியாக நின்றது. இரண்டு பக்கமும் வெட்டுக்குத் தயாரான வயல். வயலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு உழவு இயந்திரத்தைப் பிடித்து, கயிறு கட்டி, பிக்கப்பை மூதூருக்கு இழுத்துப்போனோம்.

கராஜ் வைத்திருந்தவர் முதலில் கோலைத்தான் இழுத்தார். அது காய்ந்திருந்தது. நுனியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். அவர் என்னையும் பிக்கப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது முந்தி நானா ஓடின வாகனம்தானே? கடைசியா எப்ப ஓயில் விட்டீங்க?”

நான் கோலின் நுனியைப் பார்த்தேன்.

“இந்த வயசு எஞ்சின் ஒரு சேர்விஸுக்கும் மற்ற சேர்விஸுக்கும் இடையில மூண்டு லீற்றராவது எரிக்கும் மிஸ். அது வழமை. அதுக்காக எஞ்சினைக் கழட்டத் தேவையில்ல. ஊத்திக்கொண்டு ஓடினாச் சரி. நானாவுக்கு அது நல்லாத் தெரியும். வேலைய விடுறதுக்கு முந்தின மூண்டு நாலு மாசமும் என்னட்டத்தான் சொந்தக் காசில வாங்கிக்கொண்டு போனவர். ஏன் ஆபிஸ்ல தரமாட்டாங்களா எண்டு கேட்டன். இப்ப தாறேல்ல, வாகனம் நடு றோட்டுல நிண்டா அந்த மிஸ் பொம்புளப்புள்ள என்ன செய்வா எண்டு சொன்னவர்.”

 வெளியே வந்து வாசலில் கிடந்த பழைய ரயர் ஒன்றின்மேல் உட்கார்ந்தேன். நானாவின் வீடு அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். எழுந்து போயிருந்தால் பத்து நிமிடம். போகவில்லை. பஸ் ஏறி ஓர்ஸ் ஹில்லுக்கு வந்தேன்.

என் தவறு ஒன்று மட்டும் என்றால் அறியாமை என்று சொல்லலாம். அதற்குப் பிறகு செய்ததற்கு அந்தச் சாக்கும் இல்லை. எஞ்சின் பழுதானது பற்றி அறிக்கை கேட்டார்கள். மேசையில் இருந்து எழுதினேன். “முன்னைய சாரதி நீண்ட காலமாகப் பராமரிப்பில் காட்டிய கவனயீனமே காரணம்” என்று ஒரு வசனம். எழுதும்போது எனக்கு எல்லாம் தெரியும். கையெழுத்தும் வைத்தேன். சில வாரங்களின் பின் வேறொரு நிறுவனத்திலிருந்து தொலைபேசி வந்தது. நானா அங்கே சாரதி வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார், ஆள் எப்படி என்று கேட்டார்கள். “நல்லா ஓடுவார். ஆனா ஓயில் விசயத்தில ஒரு கதை இருந்தது” என்றேன். அதற்குமேல் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. பிறகு வாடகை ஓட்டோ ஓடுகிறார் என்று கேள்விப்பட்டேன். மூதூருக்குப் போகும் நாட்களில், சந்தியில் நிற்கும் ஓட்டோக்களின் பக்கம் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டேன்.

பதினொரு வருடங்கள் அப்படியே போயின. அந்த நிறுவனம் திருகோணமலையை விட்டுப் போய்விட்டது. நானும் கணவரும் இப்போது மரக்கன்றும் பூச்செடியும் விற்கிறோம். மண்ணும் எருவும் ஏற்ற ஒரு பழைய பிக்கப் வாங்கினோம். வாங்கிய இரண்டாம் மாதம் ஓயில் குறைந்தது. கராஜுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் புகையைப் பார்த்துவிட்டு, “இந்த வயசு எஞ்சினுக்கு இது நோர்மல் அக்கா. கிழமைக்கு ஒருக்காப் பாத்து ஊத்துங்கோ” என்றார். என் கணவர், “அப்பிடியா” என்றார். ஒரு கலன் வாங்கிக்கொண்டு வந்தோம். அவ்வளவுதான். யாரும் யாரையும் சந்தேகிக்கவில்லை. மட்டை விரிக்கவில்லை.

அந்தச் சாதாரணம் என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. அரை நிமிடத்தில் விளங்கக்கூடிய ஒரு விசயம், நானா சொன்னபோது மட்டும் ஏன் விளங்கவில்லை? அவர் என் கையெழுத்துக்குக் காத்து நிற்கும் ஆளாக இருந்தார், அதனாலா? முகாமையாளர் முன்னால் நான் சிறுத்துப்போனேன், அதனாலா? அவர் முஸ்லிம் என்பதும் அதற்குள் எங்காவது இருந்ததா என்றும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். இல்லை என்று துணிந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன மாசியில் ஒருநாள் கணவருக்குச் சொல்லிவிட்டு, தனியாகப் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு மூதூருக்குப் போனேன். நானா வீட்டு முன்விறாந்தையில் கதிரையில் இருந்தார். நன்றாக மெலிந்துவிட்டார். முழங்கால் ஏலாது, ஓட்டோவையும் விட்டுவிட்டாராம். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், நான் தடுத்தேன். அவர் என்னைவிட வாகனத்தைத்தான் முதலில் பார்த்தார். “எத்தன ஓடியிரிக்கு?” என்றார். சொன்னேன். தலையை ஆட்டினார்.

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மட்டை, கராஜ், அறிக்கை, தொலைபேசி. அழக்கூடாது என்று நினைத்துப் போயிருந்தேன். அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டிவரும். அவர் தெருவைப் பார்த்தபடி கேட்டார்.

“எனக்குத் தெரியும் மிஸ்” என்றார். “நீங்க வந்துட்டுப் போன அண்டைக்கே கராஜ்காரர் சொன்னார். மிஸ்ஸுக்கு இப்ப தெரியும், கூப்பிடுவா எண்டு சொன்னார்.”

கூப்பிடுவேன் என்று எவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

நானா உள்ளே கையைக் காட்டி, “எனக்குச் சொன்னது சரி. உள்ளுக்க மகள் இரிக்கா. அவவுக்குச் சொல்லுங்க” என்றார். “அவட உம்மாவும் அவவும், நான் எடுத்தேன் எண்டுதான் நினைச்ச. நான் உண்மையச் சொன்னேன்தான். ஆபிஸ் வாகனத்துக்கு என்ட சம்பளத்தில ஓயில் வாங்கினேன் எண்டு சொன்னா எந்த வீட்டுல நம்புவாங்க? களவெடுத்தேன் எண்டு சொல்லியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பாங்க. பொய்யும் சொல்றான் எண்டுதான் கோவம். அவட உம்மா மௌத்தாகிட்டா. அவவுக்கு இனிச் சொல்ல ஏலா. இவவுக்குச் சொல்லுங்க.”

மகள் குசினியில் இருந்தாள். அந்த நாட்களில் பத்தாம் வகுப்புப் படித்தவள், இப்போது ஆசிரியை. நான் யார் என்று சொன்னதும் அவள் முகம் இறுகியது. அவள் தகப்பனிடம் சொன்னதைவிடக் கூடுதலாக அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். நான் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அந்த மாசமெல்லாம் வீட்டுக்குச் சம்பளம் கொறஞ்சு வந்தது, ஓயில் வாங்கினதாலயா?”

“ஓம்.”

“நான் அதுக்கு அவரோட சண்ட புடிச்சனான்.” அவள் சுவரைப் பார்த்தாள். “கள்ளன்ட மகள் எண்டு பள்ளிக்கூடத்தில சொன்னாங்க. வந்து அவர்ட்டயே அதச் சொன்னனான்.”

 மன்னிப்பு என்ற சொல்லை அந்தக் குசினிக்குள் எடுக்கவே கூசியது. அவள் உள்ளே போய் ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். “அண்டைக்கி எழுதித்தானே குடுத்தீங்க. இதையும் எழுதித் தாங்க.”

எழுதினேன். கை பழைய பழக்கத்தில் ‘மேற்படி வாகனம்’ என்று தொடங்கியது. அதை வெட்டினேன். அவர் ஓயிலைக் களவு எடுக்கவில்லை, தன் சம்பளத்தில் வாங்கி ஊற்றினார், அந்த எஞ்சின் ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் எரித்தது, அந்த வயதில் அது வழமை, இதைத் தெரிந்துகொண்டுதான் நான் பொய்யாக அறிக்கை எழுதினேன் என்று எழுதினேன். பெயரையும் பழைய பதவியையும் போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

மகள் அதை முன்விறாந்தைக்குக் கொண்டுபோய் நின்றபடி சத்தமாக வாசித்தாள். நானா முகத்தைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தார். களவு என்ற சொல் வந்தபோதும் அவர் அசையவில்லை. ஒரு லீற்றர் என்ற இடத்தில் கையை உயர்த்தினார்.

“ஆயிரமில்ல. ஆயிரத்தி ஐந்நூறு. நான் ஓடக்குள்ள ஆயிரத்தி ஐந்நூறுக்குத்தான் ஒரு லீற்றர் குடிச்ச. சரியா எழுதுங்க.”

மகள் கொப்பியை என்னிடம் நீட்டினாள். நான் அந்த எண்ணை வெட்டித் திருத்தி, பக்கத்தில் இன்னொரு கையெழுத்து வைத்தேன். அவள் வாங்கி, முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினாள்.